மூக்கு நுனியில ஒண்ணு

பேசக்கூடாதாம். காவி காயிற வரைக்கும் வாயத் தொறக்கக்கூடாதாம், சிரிக்கக்கூடாதாம், நெத்தியச் சுருக்கக்கூடாதாம். சரிங்க சாமி, பேசல. பழங்காநத்தத்துல போயி யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, தமயந்தி பார்லர்ல புருவத்துக்கு நூலு ஓடுறத விட அந்தம்மா வாய் ஓடுறதுதான் ஜாஸ்தின்னு. அந்த வாயை இன்னைக்கு ஒரு கோழி இறகு கட்டிப் போட்டிருச்சு. வேளார் வீட்டு முத்தத்துல முக்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்க. சுத்தி சட்டியும் பானையும் வெயில்ல காயுது, நடுவுல நானும் காயிறேன். எதிர்ல சுப்பையா வேளார், கையில கொட்டாங்கச்சி, அதுல காவிக்கல்லை உரசிக் கரைச்ச செவப்புத் தண்ணி. இறகைத் தொட்டுத் தொட்டு என் வலது நெத்தியில சிங்கம் எழுதுறாரு. அக்கி வந்தா பானை செய்யிற வேளார்கிட்டப் போயி சிங்கம் எழுதணும், சிங்கத்தப் பாத்து அக்கி பயந்து எறங்கிரும், எங்க பக்கத்துல காலங்காலமா அப்படித்தான். என்னத்தச் சொல்ல, இறகு பட்ட எடம் குளுகுளுன்னுதான் இருக்கு. அத ஒத்துக்கிறேன். ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்ல. ஒரு முடி நெத்தியில விழுந்தாக்கூட அய்யோன்னு கத்தத் தோணுது, யாரோ உள்ள இருந்து ஊசியக் காய்ச்சிக் காய்ச்சிக் குத்துறாப்புல. வலது பக்கம் மட்டுந்தான். நடு நெத்தியோட வகுடு எடுத்தாப்புல நின்னுருச்சு, இடது பக்கம் ஒரு கொப்புளம் கூட இல்ல. அந்த ஒழுங்கப் பாத்தா எனக்கே ஆச்சரியமா இருக்கு, நான் கூட ஒரு மணப்பொண்ணுக்கும் அவ்வளவு நேரா வகுடு எடுத்ததில்ல.

ஆனா இப்ப என் நெனப்பு நெத்தியில இல்ல, மூக்குல இருக்கு. காலையில பல்லு வெளக்கிட்டுக் கண்ணாடியப் பாத்தப்ப மூக்கு நுனியில, வலது பக்கமா, ஒண்ணு. கடுகு அளவுதான். பருன்னு சொல்லிக்கிட்டுத் துண்டால மூஞ்சிய ஒத்திட்டு வந்துட்டேன். பருதான். அம்பது தாண்டினா பரு வரக்கூடாதுன்னு சட்டமா போட்டிருக்கு? கோடை வெயிலு, சூடு, பரு. வலது கண்ணு செவந்திருந்துச்சு, அதுவும் தூக்கம் இல்லாததால. தண்ணியா வழிஞ்சுச்சு, அது அடுப்புப் புகை. எங்க வீட்டுல கேஸ் அடுப்புடி கிறுக்கச்சி, புகை எங்கிட்டு இருந்து வரும்? சரி, புகை இல்ல, தாளிச்ச நெடின்னு வச்சுக்க. நஸ்ரின் டாக்டரம்மா சொன்னது என்னமோ வேற. எங்க தெரு முக்குல கிளினிக் வச்சிருக்கிற பொண்ணு, எங்கிட்டதான் புருவம் எடுத்துக்கும். நெத்தியப் பாத்த ஒடனே சொல்லிருச்சு. 'அக்கா, நெத்தியோட நிக்கிற வரைக்கும் இந்த மாத்திரையில அடங்கிரும். மூக்கு நுனியில மட்டும் ஒண்ணு வந்துச்சுன்னு வைங்க, அடுப்புல பால் பொங்கினாலும் அணைச்சுப் போட்டுட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடிருங்க. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போறது ஒரே நரம்பு. அங்க வந்தா கண்ணுலயும் எறங்கிருச்சுன்னுதான் நெனைக்கணும். அசந்தா பார்வை போயிரும்.' அப்படியே சொல்லுச்சு, சிரிக்காம. நான்தான் சிரிச்சேன், மூக்குக்கும் கண்ணுக்கும் அப்படி என்னம்மா ஒட்டுறவுன்னு கேட்டேன். மாத்திரைய வாங்கிட்டு வந்து மொத வேளை முழுங்கினேன். ரெண்டாவது வேளைக்குள்ள ராஜாமணி மதினி வந்து எறங்கிருச்சு.

மதினின்னா எங்க வீட்டுக்காரரோட அக்கா. திருமங்கலத்துல இருந்து போன் வழியாவே மோப்பம் பிடிச்சு பஸ் ஏறி வந்துருச்சு. வந்ததும் என் நெத்தியப் பாத்துச்சு, மாத்திரையப் பாத்துச்சு, அட்டையோட எடுத்து அது இடுப்புப் பையில சொருகிக்கிச்சு. 'அக்கி எழுதி முடியிற வரைக்கும் இங்கிலீஷ் மருந்து ஆகாது தமயந்தி. ஊசி மாத்திரை போட்டா அக்கி உள்வாங்கிரும். உள்வாங்கினா தலைக்கு ஏறிரும். எங்க சின்ன மாமியாருக்கு அப்படித்தான் ஆச்சு.' அந்தச் சின்ன மாமியார் தொண்ணூறு வயசுல வயித்துப்போக்குல செத்துச்சு, எனக்குத் தெரியும், நானும் கேதத்துக்குப் போயிருந்தேன். சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. எங்க வீட்டுக்காரரு சௌந்தரத்தைப் பாத்தேன். அவரு தலைக்கு மேல சுத்துற ஃபேனப் பாத்தாரு. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், இதுதான் முப்பது வருசமா அவரு பாடுற ஒரே பாட்டு. இப்பவும் வாசல்ல வண்டி மேல உக்காந்து செல்போனை நோண்டிக்கிட்டுத்தான் இருப்பாரு. மதினிய மட்டும் திட்டுறதுக்கு எனக்கு வாய் வரல. பெரியவன் பொறந்தப்ப நான் ஜன்னி கண்டு கெடந்தேன், அந்தக் கைதான் எனக்குப் பிசைஞ்சு ஊட்டுச்சு, பீ மூத்திரம் அள்ளுச்சு. அதே கைதான் இப்ப வேப்பங்கொத்த வச்சு எனக்கு விசிறிக்கிட்டு நிக்குது. அந்தக் கைய எப்படித் தட்டிவிடுறது, சொல்லுங்க. அதான் வந்து உக்காந்துட்டேன். அது மட்டுமா? நெசத்தைச் சொல்லு தமயந்தி. சிங்கம் எழுதினா எறங்கிரும்னு உனக்கும் உள்ளுக்குள்ள ஒரு மூலையில இருக்கு. இருக்கு. இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிரும்.

இறகு நெத்திப்பொட்டுக்கு வந்துருச்சு. சிங்கத்துக்கு வாலு போடுறாரு போல. நஸ்ரின் இன்னொண்ணும் சொல்லுச்சே, அதுதான் அன்னையில இருந்து மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு. 'சின்ன வயசுல உங்களுக்கு அம்மை, சின்னம்மை போட்டுச்சா அக்கா?' போட்டுச்சு. நாலாப்பு படிக்கிறப்ப. 'அதே வைரஸ்தான் இது. அன்னைக்குத் தண்ணி ஊத்தினதும் போயிருச்சுன்னு நெனச்சீங்கள்ல, போகல. முகத்து நரம்போட அடியில படுத்துக் கெடந்திருக்கு, இத்தன வருசமா. இப்ப உங்க ஒடம்பு கொஞ்சம் அசந்துச்சு, எந்திரிச்சு நரம்பைப் பிடிச்சு நடந்து வந்துருச்சு.' ஆத்தாடி! வாடகை இல்லாம எனக்குள்ள ஒரு குடித்தனம். என் கல்யாணத்தப்ப இருந்திருக்கு, ரெண்டு பிரசவத்துலயும் இருந்திருக்கு, பார்லர் தொறந்தப்ப நான் ரிப்பன் வெட்டுறத உள்ள இருந்து பாத்திருக்கு. எனக்குத் தெரியாம என் கூடவே கெழடு தட்டியிருக்கு. கேட்டதும் ஒடம்பு கூசிப் போச்சு. அப்புறம் ராத்திரி வலியில முழிச்சுக் கெடந்தப்ப வேற மாதிரி ஒரு நெனப்பு வந்துச்சு. அப்படின்னா அம்மையா வந்த மாரியாத்தா போகவே இல்லியா? அன்னைக்கு வந்தவ எனக்குள்ளயேதான் இருந்தாளா?

நாலாப்பு அம்மைய நெனச்சா எனக்குச் சிரிப்பா வரும், பெருமையாவும் வரும். பாயச் சுத்தி வேப்பெல, வாசல்ல வேப்பெல, வீட்டுல தாளிப்பு கெடையாது, கறி மீன் கெடையாது, எங்கப்பன் செருப்பு கூட வாசலோட நின்னுருச்சு. எங்கப்பன்! வீட்டுக்குள்ள நொழைஞ்சா பல்லி கூடக் கத்தாது. அந்த ஆளு என் பாயி முன்னால கையக் கட்டிக்கிட்டு நின்னு, 'ஆத்தா, என்ன வேணும் தாயி, கேளு'ன்னு சொல்றாரு. எனக்கு எளநீ வேணும்னு கேட்டிருக்கலாம், நுங்கு கேட்டிருக்கலாம். எங்கம்மாவ அவரு பொட்டக்கண்ணின்னுதான் கூப்பிடுவாரு. ஏ பொட்டக்கண்ணி சோறு போடு, ஏ பொட்டக்கண்ணி வெந்நி வையி. வெளியாளுக முன்னாலயும் அதான். அம்மாவுக்கு இடது கண்ணுல பூ விழுந்து வெள்ளையா இருக்கும், பெரியம்மையில போனது. நான் பாயில எந்திரிச்சு உக்காந்தேன். மேலு பூரா முத்து. 'தெய்வானைன்னு கூப்பிடு'ன்னேன். 'அவ பேரு தெய்வானை. பேரச் சொல்லிக் கூப்பிடு, இல்லேன்னா எறங்க மாட்டேன்.' என் கொரலே எனக்குக் கேக்கல, வேற யாரோ பேசினாப்புல இருந்துச்சு. எங்கப்பன் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. அடுப்படியப் பாத்து, தெய்வான, தண்ணி கொண்டாம்மான்னு கூப்பிட்டாரு. உள்ள இருந்து ஒரு சட்டி விழுந்து ஒடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அவரு சாகுற வரைக்கும் அம்மாவ வேற பேரு சொன்னதில்ல. சொன்னது நானா, ஆத்தாவா? இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியாது, யாருகிட்டயும் சொன்னதும் இல்ல.

அம்மாவோட கண்ணு. ஏன் அங்கிட்டே போற மனசே, வேற எங்கயாவது போயேன். போக மாட்டேங்குதே. ஊருக்குள்ள அம்மை குத்துறவரு வந்தப்ப எங்கம்மாவ நெல்லுக் குலுக்கைக்குள்ள ஒளிச்சு வச்சாங்களாம். ஊசி குத்தினா மாரியாத்தா கோவிச்சுக்குவான்னு. அஞ்சு வயசுப் பிள்ளை, மூச்சு முட்ட நெல்லுக்குள்ள உக்காந்திருந்திருக்கு. அம்மை குத்துறவரு போயிட்டாரு. அடுத்த கோடையில ஆத்தா வந்து அந்தக் கண்ண எடுத்துட்டுப் போயிட்டா. கோவிச்சுக்காமலே எடுத்துட்டுப் போயிட்டா பாருங்க! நான் பொறந்தப்ப அதே பேச்சு, பச்சப் பிள்ளைக்கு ஊசியா, ஆகாதுன்னு ஊரே நின்னுச்சாம். அம்மா யாருகிட்டயும் வாதாடல. என்ன இடுப்புல தூக்கிக்கிட்டு, கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு, நடந்தே போயிக் குத்திட்டு வந்துருச்சு. இந்தா இருக்கு, என் கையில, வட்டமாத் தழும்பு. பார்லர்ல கை வைக்காத ரவிக்கை போட்டு வர்ற என் வயசு அம்மாக்க எல்லாத்துக்கும் இந்தத் தழும்பு இருக்கும், அதுக மகளுகளுக்கு இந்த அம்மைத் தழும்பு இருக்காது. தேவைப்படல. பெரியம்மையே செத்துப் போச்சே. கோவிச்சுக்க ஆள் இல்லாமப் போச்சு.

வேளார் புருவத்துக்கு மேல வந்துட்டாரு. இறகுத் தண்ணி ஒரு சொட்டு இமையோரம் வழியிது. மதினி துண்டு நுனியால ஒத்துது. மூக்குல நெருநெருன்னு இருக்கு. தொட்டுப் பாக்கலாமா? தொட்டா தெரிஞ்சிரும். தமயந்தி, நீ எத்தன மூக்கப் பாத்திருப்ப? இந்த மதுரையில பாதி மூக்கு உன் கட்ட வெரலுக்கு அடியில வந்து போயிருக்கு. கரும்புள்ளி எடுத்திருக்க, சீழ்ப்பரு எடுத்திருக்க. கழுத்துல பாலுண்ணி வந்த பிள்ளைகள, குதிர முடி கட்டாதீக, டாக்டரப் பாருங்கன்னு தொரத்தி விட்டிருக்க. கல்யாணத்துக்கு மொத நாளு சாயங்காலம் உதட்டு ஓரம் கொத்துக் கொத்தாப் பொரிஞ்சு அழுதுக்கிட்டு வந்த பொண்ணுக்கு லிப்ஸ்டிக்குல மறைச்சு அனுப்பியிருக்க. அந்த உதட்டுப் புண்ணுக்கும் உன் நெத்தி அக்கிக்கும் பங்காளி மொறைதான்னு நஸ்ரின் சொன்னப்ப, அப்ப மொய் செய்யணுமேன்னு கேலி பண்ணின. அத்தனையும் பாத்த கண்ணுக்குக் காலையில கண்ணாடியில தெரிஞ்சது என்னன்னு தெரியாதாக்கும்? பருன்னா அடி கல்லு மாதிரி இருக்கும், அமுக்கினா வலிக்கும், நடுவுல மொளை இருக்கும். இதுல மொளை இல்ல. தண்ணி. பனித்துளி கணக்கா மினுமினுன்னு தண்ணி. சுத்தி செவப்பு. வேற எவளாவது இந்த மூக்கோட வந்து நின்னா என்னடி சொல்லியிருப்ப? நாற்காலியில கூட உக்கார விட்டிருக்க மாட்ட, ஆட்டோ பிடிச்சு ஏத்தி விட்டிருப்ப. பரு இல்ல. காலையிலயே தெரியும். பல்லு வெளக்கினப்பவே தெரியும். தெரிஞ்சேதான் துண்டப் போட்டு மூடிட்டு, மதினி மனசு நோகுமேன்னு, வீட்டுக்காரரு மொகம் சுண்டுமேன்னு, நல்ல பிள்ளையா வந்து முக்காலியில உக்காந்திருக்கேன். ஒரு பக்கத்துக் கண்ண மூடிட்டு மறு கண்ணால பாத்து, எப்படித் தெரியிதுன்னு சோதிக்கக்கூட பயம். எனக்குப் பயமா இருக்கு. ஆமா, பயந்தான். கண்ணு போனா நூலப் பிடிச்சு ஒரு புருவத்த ஒழுங்கா எடுக்க முடியுமா? எவளாவது தன் மூஞ்சிய எங்கிட்டக் குடுப்பாளா? எங்கம்மா மாதிரி நானும் படியில எறங்குறப்ப காலால தடவிக்கிட்டு எறங்கணுமா? குலுக்கைக்குள்ள உக்கார வச்சப்ப அம்மாவுக்கு அஞ்சு வயசு, அதுக்கு வேற வழி இல்ல. எனக்கு என்ன கேடு?

ஆத்தா, இந்தா பாரு. நீ எனக்குள்ள இருந்தா இரு. இத்தன வருசம் சோறு போட்டு வச்சிருந்திருக்கேன், இன்னும் இருந்துட்டுப் போ. நெத்தி வேணுமா, எடுத்துக்க. தழும்பு விழுந்தா விழட்டும், அதுக்கு மேல போடுறதுக்கு எங்கிட்டப் பவுடரு இருக்கு. எரிச்சல் வேணுமா, எரி. ஆனா கண்ணு கெடையாது. எங்க வீட்டுல ஒரு கண்ணு ஏற்கெனவே உனக்குக் குடுத்தாச்சு. இன்னொண்ணு கேட்டா மரியாதையா இருக்காது.

'தாயி, கண்ண மூடிக்க. இமை மேலயும் எழுதிருவோம்.' வேளார் சொல்றாரு. நல்ல மனுசன், கொரல்ல ஒரு குத்தம் கெடையாது. அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம், அவங்கப்பாரு சொல்லிக் குடுத்தது, கை நடுங்காமச் செய்யிறாரு. அவரு கண்ணு என் மூக்குல நிக்கிது. 'மூக்குலயும் ஒண்ணு மொளைச்சிருக்கே' ங்கிறாரு. 'அது பரு' ங்கிது மதினி. நான் சொன்ன அதே பொய், அதே வார்த்த. அடுத்தவங்க வாயில கேக்கிறப்பதான் அது எம்புட்டுப் பெரிய பொய்யின்னு தெரியிது. இறகு காவியில முங்கி எந்திரிச்சு, சொட்டிக்கிட்டே கண்ணுக்கு நேரா வருது. மூடுடி. ஒரு நிமிசம். மூடினா குளுகுளுன்னு இருக்கும், எரிச்சல் அடங்கும், மதினி சந்தோசப்படும், நாளைக்கும் வரலாம், நாளன்னைக்கும் வரலாம்.

'மூட மாட்டேன்.'

வாயத் தொறந்துட்டேன். நெத்தியில காஞ்ச காவி சட்டுன்னு வெடிச்சது தோலுல தெரியிது. வேளார் இறகோட நின்னுட்டாரு. 'அடியேய், காவி கண்ணுக்குள்ள போயிரும்டி' ங்கிது மதினி. 'போகாது. நான் எந்திரிக்கிறேன்.' எந்திரிச்சேன். 'மதினி, அது பரு இல்ல. அக்கிதான். கண்ணுல எறங்குது. நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போறேன், இப்பவே.' கொரல் பெருசாத்தான் வந்துருச்சு போல. சட்டி அடுக்கிக்கிட்டிருந்த வேளார் வீட்டம்மா திரும்பிப் பாக்குறாங்க. மதினிக்கு மொகம் மாறிருச்சு. வேப்பங்கொத்தக் கீழ போட்டுட்டு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடுது. 'ஆத்தா, கோவப்படாத தாயி, என்ன குத்தம் நடந்துச்சு சொல்லு' ங்கிது. அய்யோ, எவ்வளவு லேசு! ஆமாடி, நான்தான் வந்திருக்கேன், இவள ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், மதினியே ஆட்டோ கூப்பிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. வேணாம். நாலாப்புல எனக்கு வேற வழி தெரியல. இப்ப நான் ரெண்டு பிள்ளையப் பெத்தவ, கடை நடத்துறவ. என் கண்ணுக்கு நான் பேசக்கூடாதா, அதுக்கும் ஆத்தாதான் வரணுமா? 'கையக் கீழ போடுங்க மதினி. ஆத்தா இல்ல. தமயந்திதான் சொல்றேன். நான் சொன்னாக் கேக்க மாட்டீங்களா?' மதினி கையக் கீழ போட்டுருச்சு. அது மேல எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா நிக்கல. 'வேளாரய்யா, மன்னிச்சுக்கங்க. உங்க எழுத்துல குத்தமில்ல'ன்னேன். அவரு கொட்டாங்கச்சியக் கீழ வச்சுட்டு, 'போயிட்டு வா தாயி, கண்ணு பெருசு'ன்னாரு.

வாசல்ல எங்க வீட்டுக்காரரு வண்டி மேலதான் இருந்தாரு. என் மூஞ்சியப் பாத்தாரு, பாதிச் சிங்கம். 'முடிஞ்சிருச்சா? அக்கா என்ன சொல்லுது?' 'அக்கா சொன்னத அப்புறமா கேளுங்க. நான் சொல்றதக் கேளுங்க. கண் ஆஸ்பத்திரி. வர்றீங்களா, ஆட்டோ பிடிச்சுக்கிரவா?' மனுசன் உள்ள ஒரு தடவ பாத்தாரு, என்ன ஒரு தடவ பாத்தாரு. செல்போனச் சட்டப் பையில போட்டுட்டு வண்டிய ஒதைச்சாரு. ஏறி உக்காந்தேன். காத்து மூஞ்சியில அடிச்சதும் நெத்தி பத்தி எரிஞ்சுச்சு, கண்ணுல தண்ணி ஊத்துது. மெயின் ரோட்டுல போறவங்க வர்றவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும், பார்லர்க்காரி மூஞ்சிதானே. காலையில இருந்து பயந்துக்கிட்டே இருந்தத அப்பத்தான் செஞ்சேன். இடது உள்ளங்கையால நல்ல கண்ணப் பொத்திக்கிட்டேன். வலது கண்ண மட்டும் தொறந்து வச்சுக்கிட்டேன். எல்லாம் ஆவி பிடிச்ச கண்ணாடி வழியாப் பாக்கிறாப்புல இருந்துச்சு. மனுசங்க மூஞ்சி இல்ல, கடை போர்டுல எழுத்து இல்ல. கைய எடுத்துரலாம்னு வந்துச்சு. எடுக்கல. பாத்துக்கிட்டே இருந்தேன். தூரத்துல ரோட்டுக்குக் குறுக்க மஞ்சளா ஒண்ணு, அப்புறம் வெள்ளையா ஒண்ணு, மறுபடி மஞ்சளா. எங்க வீட்டுக்காரரு வேகத்தக் குறைச்சாரு. 'ஸ்பீட் பிரேக்கர் வருது, கெட்டியாப் பிடிச்சுக்க.'

'தெரியுது'ன்னேன். 'எனக்குத் தெரியுது. நீங்க வேகமாப் போங்க.'